ஏலக்காய்ப் பாக்கி: மங்களூரில் வாழ்ந்த ஒரு வணிகரின் கடிதக்கட்டு

ஏலக்காய் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் வாங்கிய ஓர் ஆள் சரக்கையும் தரவில்லை, பணத்தையும் திருப்பவில்லை. பணம் போட்டவர்கள் யேமன் நாட்டுத் துறைமுகமான ஏடனில் இருக்கிறார்கள், ஆள் மலபார்க் கரையில் இருக்கிறான், நடுவில் அரபிக்கடல். என்ன செய்வது? மங்களூரில் இருந்த தங்கள் நண்பருக்கு ஏடன்காரர்கள் ஒரு யோசனை எழுதி அனுப்பினார்கள். கடன் வாங்கிக்கொண்டு சொன்னபடி நடக்காதவர்களை நாங்கள் இங்கே பகிரங்கமாகக் கண்டிப்பது வழக்கம் என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள், பயந்தாலும் பயப்படுவான். அதற்கும் மசியாவிட்டால் கண்டனக் கடிதத்தையே எழுதி அனுப்பிவிடுகிறோம்.

இது 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நடந்த விஷயம். இந்தப் பாக்கியை எந்தக் கல்வெட்டிலும் வெட்டியிருக்க மாட்டார்கள். எந்த அரசவை வரலாறும் இதைச் சொல்லாது. ஆனால் அந்தக் காலத்துக் கடல் வணிகம் எதை நம்பி நடந்தது என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது. வழக்குப் போட முடியாத தூரத்தில் இருக்கும் ஓர் ஆளிடம் காட்டக்கூடிய ஒரே ஆயுதம் பெயர் கெட்டுவிடும் என்ற மிரட்டல்தான். அதுகூட ஏடனில் பெயர் கெடுவதைப் பற்றிக் கவலைப்படுகிற ஆளிடம்தான் பலிக்கும். எழுதியவர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்பது 'பயந்தாலும் பயப்படுவான்' என்ற தொனியிலேயே தெரிகிறது.

அந்தக் கடிதத்தைப் பெற்றவர் ஆபிரகாம் பென் யிஜு. இன்றைய துனிசியாவில் உள்ள மஹ்தியா என்ற துறைமுக ஊரில் பிறந்த யூத வணிகர். ஏடனுக்கு வந்து, அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறி, 1132 முதல் 1149 வரை ஏறக்குறைய 17 ஆண்டுகள் மலபார்க் கரையிலேயே காலம் தள்ளியவர். மிளகு, இரும்பு, ஏலக்காய், பாக்கு ஆகியவற்றை ஏடனுக்கு அனுப்புவது அவர் தொழில். கூடவே ஒரு வெண்கலப் பட்டறையும் வைத்திருந்தார். அவருக்கு வந்த கடிதங்கள், அவரே எழுதியவை, கணக்குத் துண்டுகள், பட்டியல்கள் எல்லாம் சேர்ந்து எண்பது வாக்கில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்த நூற்றாண்டில் இந்தியக் கரையில் வாழ்ந்த எந்த நடுத்தர வணிகரைப் பற்றியும் இவ்வளவு தெரியாது.

மங்களூருக்கு வந்த காகிதங்கள் கெய்ரோவில் கிடைத்ததற்குக் காரணம் எளிமையானது. ஊர் திரும்பும்போது அவர் பழைய கட்டைத் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு போனார், கடைசிக் காலத்தில் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் குடியேறினார். அங்கே பென் எஸ்ரா என்ற யூதர் தொழுகைக்கூடத்தில் ஓர் அறை உண்டு. கடவுளின் பெயர் எழுதப்பட்ட தாளைக் கண்டபடி எறியக்கூடாது என்பது சமய வழக்கம். கடிதமென்றால் வாழ்த்தில் கடவுள் பெயர் வந்தே தீரும். எனவே பயன் முடிந்த தாள்களையெல்லாம் அந்த அறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கெனிசா என்று அழைக்கப்படும் அந்த அறையில் நூற்றாண்டுக் கணக்கில் தாள்கள் குவிந்தன. மழை குறைந்த ஊர் என்பதால் அவை மக்கவில்லை. 1896-97 குளிர்காலத்தில் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் அங்கே போய்ப் பெரும்பகுதியை அள்ளி வந்தார். கேம்பிரிட்ஜில் மட்டும் இன்று 1,90,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் உள்ளன. அவற்றில் இந்திய வணிகம் தொடர்பானவற்றைத் தேடிப் பொறுக்கி ஒன்று சேர்த்தவர் எஸ்.டி. கோய்டைன். 1950 வாக்கில் தொடங்கிய அந்த வேலையை அவர் 1985-ல் இறக்கும்வரை முடிக்கவில்லை. அவருடைய மாணவர் மார்டெகாய் ஃப்ரீட்மன்தான் அதை முடித்து அச்சுக்குக் கொண்டுவந்தார்.

ஒரு கடிதத்தின் உடம்பு

இந்தக் கடிதங்களைப் புதிதாகப் படிப்பவருக்கு முதலில் சலிப்புத்தான் வரும். அரபு மொழி, எபிரேய எழுத்து. தொடக்கத்தில் வரிவரியாக வாழ்த்து: என் தலைவருக்கு நீண்ட ஆயுள், எதிரிகள் நாசமாகட்டும், இத்யாதி. அப்புறம் சரக்குக் கணக்கு. எத்தனை பொதி வந்தது, எவ்வளவுக்கு விற்றது, சுங்கம் எவ்வளவு, மீதி யார் கையில் என்று பக்கம் முழுக்க ஓடும். பிறகு 'உங்களுக்காக அனுப்பியிருக்கும் மதிப்பில்லாத சில பொருள்கள்' என்று பணிவோடு ஒரு பரிசுப் பட்டியல். கடைசியில், தாளின் ஓரத்தில், இடம் போதாமல் நுணுக்கி எழுதிய விசாரிப்புகள்.

வணிக வரலாறு எழுதுகிறவர்கள் நடுப்பகுதியை எடுத்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் வாழ்க்கை இருப்பது வால் பகுதியில். பரிசுப் பட்டியலையும் ஓரக் குறிப்புகளையும் எழுதும்போது எழுதுகிறவருக்கு ஜாக்கிரதை தளர்ந்துவிடுகிறது. விலையில் பொய் சொல்லலாம், வசூலில் மறைக்கலாம். நண்பருக்கு அனுப்பிய சல்லடையைப் பற்றிப் பொய் சொல்லி ஆவது ஒன்றுமில்லை.

அந்தப் பட்டியல்களில் என்னென்ன வருகின்றன? சர்க்கரை, உலர்திராட்சை, பாதாம், சோப்பு, கண்ணாடிப் பாத்திரம், பாய், வாணலி, சல்லடை, எகிப்தியத் துணி. இருபது வயதில் ஊரை விட்டுக் கிளம்பிய ஒருவனுக்கு நாற்பது வயதிலும் எந்தச் சாமான் இல்லாமல் வீடு வீடாகத் தெரியவில்லை என்பதை இந்தப் பட்டியல் சொல்கிறது. கரும்பு விளையும் நாட்டுக்குச் சர்க்கரை கப்பலேறி வருவது முதலில் வேடிக்கையாக இருக்கும். ஆனால் பழகிய சுவை வேறு, கிடைக்கும் சரக்கு வேறு என்பது வெளியூரில் வேலை பார்த்த எவருக்கும் புரியும்.

பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு பொருள் காகிதம். மலபாரில் அன்று எழுதுவதெல்லாம் ஓலையில்தான். காகிதத்துக்கு ஏடனைத்தான் நம்ப வேண்டும். ஏடனில் அவருக்கு எல்லாமாக இருந்தவர் மத்மூன் பென் ஹசன். துறைமுகப் பொறுப்பும் வணிகர்களின் பிரதிநிதிப் பதவியும் வகித்த பெரிய மனிதர், பென் யிஜுவுக்குத் தொழில் பழக்கியவரும் அவரே என்று நினைக்க இடமிருக்கிறது. அவரும் மற்றக் கூட்டாளிகளும் நல்ல காகிதமாகப் பார்த்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அப்படியும் பென் யிஜுவுக்குக் கட்டுப்படியாகவில்லை. வந்த கடிதத்தின் பின்பக்கத்திலும் ஓரத்திலும் தன் கணக்குகளை எழுதினார், பதில் கடிதத்தின் வரைவை எழுதினார், செய்யுள்கூட எழுதிப் பார்த்தார்.

இது ஆய்வாளர்களுக்கு அடித்த யோகம். அவர் எழுதி அனுப்பிய கடிதங்கள் ஏடனுக்குப் போய்விட்டன. அங்கே கெனிசா அறை மாதிரி எதுவும் மிஞ்சவில்லை. வந்த கடிதங்கள் மட்டுமே இருந்திருந்தால் பேச்சின் ஒரு பாதிதான் நமக்குக் கேட்டிருக்கும். மறுபாதியைத் தாளின் பின்பக்கம் கொஞ்சமாவது தருகிறது. முன்பக்கத்தில் ஏடன் பேசுகிறது, பின்பக்கத்தில் மங்களூர். காகிதம் தாராளமாகக் கிடைத்திருந்தால் இந்த மனிதரின் வீட்டுக்கணக்கு நம் கைக்கு வந்திருக்காது.

விளக்குக்கு ஓர் ஆர்டர்

வெண்கலப் பட்டறை தொடர்பான கடிதங்களை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. ஏடனில் உள்ளவர்கள் உடைந்த பாத்திரங்களையும் செம்பையும் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். பென் யிஜுவின் ஆட்கள் அதை உருக்கி, கேட்ட வடிவில் வார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். பழைய பாத்திரம் ஒரு கடலைத் தாண்டி வந்து, புதுப் பாத்திரமாக அதே கடலைத் தாண்டிப் போகிறது. இந்தக் கரையின் கைவேலைக்கு அவ்வளவு பெயர் இருந்திருக்கிறது. கூலியும் கட்டுப்படியாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

ஒரு கடிதத்தில், மற்றச் சாமான்கள் செய்தது போக மிஞ்சும் உலோகத்தில் ஒரு விளக்குச் செய்யச் சொல்கிறார்கள். தண்டு எண்கோணமாக, கனமாக இருக்க வேண்டும். அடிப்பகுதிக்குக் கால்கள் உறுதியாக இருக்க வேண்டும். உச்சியில் இரண்டு திரி போட இரண்டு முனையுள்ள செம்பு விளக்கு வேண்டும். அது தண்டில் மேலும் கீழுமாக நகர வேண்டும். தண்டு, பீடம், விளக்கு மூன்றும் தனித்தனியாகக் கழற்றும்படி இருக்கட்டும். கால்களைச் சுருள் சுருளாகச் செய்ய முடிந்தால் செய்யுங்கள், அது இன்னும் அழகு.

கடைசி வாக்கியத்துக்காகவே இதை எடுத்துச் சொல்கிறேன். அதுவரை ஒரு வாடிக்கையாளரின் கறார் பேச்சு, அந்த ஒரு வரியில் மட்டும் ஆசை. எந்த அருங்காட்சியகத்திலும் ஒரு பழைய விளக்கைப் பார்த்து, இதைக் கேட்டவருக்கு எது முக்கியமாகப் பட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. கழற்றும்படி இருக்க வேண்டும் என்பதும் கவனிக்க வேண்டியது. கப்பலில் கட்டி ஏற்றுவதற்கும் வசதி, வீட்டில் துலக்குவதற்கும் வசதி. கேட்டவர் அழகையும் பார்த்தார், அன்றாடப் புழக்கத்தையும் பார்த்தார்.

கடல் கொண்டது, கடல் தந்தது

நஷ்டக் கணக்கும் கதை சொல்லும். கலஃப் பென் இசாக் என்ற ஏடன் கூட்டாளி எழுதிய கடிதம் ஒன்று ஒரு கப்பல் மூழ்கியதைச் சொல்கிறது. மலபாரிலிருந்து வந்த கப்பல், ஏடனை நெருங்கும் வேளையில் பாப்-எல்-மந்தப் நீரிணைப் பக்கம் போய் முழுகிவிட்டது. மிளகு மொத்தமும் போயிற்று. இரும்பு விஷயம் வேறு. ஏடனிலிருந்து முக்குளிப்பவர்களை அனுப்பி, கிட்டத்தட்டப் பாதி இரும்பை மேலே எடுத்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும் இதே நேரத்தில் அதைச் சுங்கச்சாவடியில் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறார் கலஃப்.

முக்குளித்துச் சரக்கு எடுப்பதைத் தொழிலாகவே செய்தவர்கள் ஏடனில் இருந்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. போன சரக்கிலும் மீட்ட சரக்கிலும் யாருக்கு எவ்வளவு என்று பங்கிட முறை இருந்தது. மீட்டெடுத்த இரும்பும் சுங்கத்தைத் தாண்டித்தான் வர வேண்டும், கடலில் முழுகி எழுந்தாலும் விலக்கு இல்லை. ஒரே கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து இரண்டு கப்பல்களில் அனுப்பும் வழக்கம் ஏன் வந்தது என்பதற்கும் வேறு விளக்கம் தேவையில்லை.

கப்பல் முதலாளிகளின் பெயர்களும் இந்தக் கட்டில் வருகின்றன. பட்டணசுவாமி, நம்பியார் என்று நமக்குப் பழக்கமான பெயர்கள் எபிரேய எழுத்தில் எட்டிப் பார்க்கின்றன. முஸ்லிம், யூதர், குஜராத்தி வணிகர், மலபார்க்காரர் எல்லோரும் ஒருவர் கப்பலில் இன்னொருவர் சரக்கை ஏற்றுகிறார்கள், கூட்டாக முதல் போடுகிறார்கள். இதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை, கணக்கில் பெயர் வருகிறது, அவ்வளவுதான்.

நாட்குறிப்பு என்றால்?

இந்த இடத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையை நினைக்காமல் இருக்க முடியாது. 1736 முதல் 1761-ல் இறக்கும்வரை புதுச்சேரியில் இருந்து அவர் எழுதிய தமிழ் நாட்குறிப்பும் ஒரு வணிகரின் எழுத்துத்தான். கப்பல் வந்தது, போனது, யாருக்கு எத்தனை பீரங்கிக் குண்டு மரியாதை, துரை என்ன கேட்டார், தான் என்ன சொன்னார் எல்லாம் அதில் இருக்கிறது. பேச்சுத் தமிழ் அப்படியே காதில் விழும். பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்ஸின் மனைவி மீது அவருக்கிருந்த கசப்பை ஒளிக்கவே இல்லை.

ஆனால் அவருக்குத் தான் எழுதுவது என்ன என்று தெரியும். காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் பதிந்து வைக்கிறேன் என்ற எண்ணத்தோடு உட்கார்ந்தவர் அவர். மரியாதைக் குண்டுகளை எண்ணுவதில் காட்டும் அக்கறையே சொல்லும்: தனக்கு எங்கே இடம் கிடைத்தது, எதிராளிக்கு எங்கே கிடைக்கவில்லை என்பது அவருடைய நிரந்தரக் கவலை. நாட்குறிப்பில் எழுதியவரின் முகம் எப்போதும் நம் பக்கம் திரும்பியே இருக்கிறது. பென் யிஜுவின் கட்டில் அவர் முகம் தெரிவதே அபூர்வம், வீட்டுச் சாமான்தான் தெரிகிறது. மனிதரை அறிய நாட்குறிப்பு, அவர் வாழ்ந்த வீட்டை அறியக் கடிதம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். பிள்ளையின் வீட்டில் என்ன சல்லடை இருந்தது என்று அவர் சொல்ல மாட்டார், சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

பெயர் உண்டு, பேச்சு இல்லை

இனி இந்தக் கட்டு எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்கலாம்.

பென் யிஜுவிடம் பொம்மா என்று ஓர் அடிமை இருந்தார். அடிமை என்றதும் நமக்கு வரும் படம் வேறு. இவர் முதலாளியின் சார்பில் ஏடனுக்குக் கப்பலேறிப் போய்ச் சரக்கு விற்று, பணம் வாங்கி, வீட்டுச் சாமான் வாங்கி வரும் ஆள். ஏடனில் இவர் சம்பளத்துக்கு மேல் பணம் கேட்டுத் தொல்லை கொடுத்ததாக மத்மூன் புகார் எழுதுகிறார். ஆண்டுகள் போகப் போக அதே ஏடன்காரர்கள் கடித முடிவில் அவருக்கும் வணக்கம் சொல்கிறார்கள், ஷேக் என்ற மரியாதை அடைமொழியும் ஒட்டிக்கொள்கிறது. ஒரு மனிதரின் உயர்வை இவ்வளவு தெளிவாக வணக்க வரிகளிலேயே பார்த்துவிடலாம். ஆனால் பொம்மா சொன்னதாக ஒரு வரி கிடையாது. அவர் என்ன நினைத்தார், அந்தத் தகராறில் அவர் பக்க நியாயம் என்ன என்பதற்கு இடமே இல்லை.

ஆஷுவின் நிலை இன்னும் மோசம். 1132 அக்டோபர் 17 அன்று மங்களூரில் எழுதப்பட்ட ஒரு விடுதலைப் பத்திரம் இருக்கிறது. ஆஷு என்ற அடிமைப் பெண்ணை பென் யிஜு விடுவித்து, அவளுக்கு பெராகா என்ற எபிரேயப் பெயர் வைக்கிறார். அது அவருடைய சொந்தத் தங்கையின் பெயர். அவருடைய பிள்ளைகளின் தாய் இவள்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. நாயர் என்று குறிக்கப்படும் அவளுடைய சகோதரர் ஒருவர் கணக்குத் துண்டில் தலைகாட்டுகிறார். 17 ஆண்டுக் குடும்ப வாழ்க்கை! ஆனால் நண்பர்களின் விசாரிப்புகளில் அவளைத் தேடினால் கிடைப்பதில்லை. வாணலிக்கும் சல்லடைக்கும் கிடைத்த இடம் அவற்றை வைத்துப் புழங்கிய பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

கடிதங்கள் வஞ்சகம் இல்லாமல் பேசுகின்றன என்று மேலே சொன்னதற்கு இதுதான் எல்லை. எழுதுகிறவருக்கு எது சாதாரணமோ அது தானாக வந்துவிடும். எதைப் பேசினால் சங்கடமோ அது வராது. முதல் வகையை மட்டும் பார்த்து இதுதான் அன்றைய வாழ்க்கை என்று எழுதிவிட்டால், பாதி வீட்டைத்தான் எழுதியிருப்போம்.

ஊர் திரும்பியவர்

1148-ல் சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் படை மஹ்தியாவைப் பிடித்தது. வரலாற்றுப் புத்தகத்தில் அது ஒரு வரி. பென் யிஜுவுக்கு அது அண்ணன் தம்பி உயிரோடு இருக்கிறார்களா என்ற கேள்வி. 1149 செப்டம்பரில் ஏடனில் இருந்து அவர் சகோதரர்களுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பிள்ளைகளோடும் பொருளோடும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன், நாம் எல்லோரும் வாழ இது போதும், வாருங்கள் என்கிறார். மகளைச் சகோதரன் மகனுக்கே கொடுப்பதாகவும் எழுதுகிறார். வேற்றாருக்குக் கொடுப்பதைவிட அதுவே நல்லது என்பது அவர் எண்ணம். ஏடனில் அவளைக் கேட்ட நண்பர் குடும்பத்தையும் தட்டிக்கழித்தார்.

அடுத்து நடந்தவை எதுவும் அவர் நினைத்தபடி இல்லை. ஒரு மகன் இறந்தான். முபஷ்ஷிர் என்ற சகோதரர் பண விஷயத்தில் ஏமாற்றிவிட்டார். அத்தனை ஆண்டுகள் கடல் தாண்டிய முன்பின் தெரியாத கூட்டாளிகளோடு நாணயமாக நடந்த கணக்கு, கூடப் பிறந்தவரிடம் பிசகியது. கடைசியில் 1156-ல் ஃபுஸ்தாத்தில், யூசுப் என்ற சகோதரரின் மகன் பெராஹியாவுக்கும் பென் யிஜுவின் மகள் சித்-அல்-தாருக்கும் திருமணம் நடந்தது. மங்களூர்ப் பக்கம் பிறந்த பெண்ணுக்கு சிசிலியில் இருந்து வந்த மாப்பிள்ளை.

கட்டைப் பிரிக்கும் முன்

இந்தக் கட்டைக் கையாண்டவர்களின் வேலையைப் பார்த்து நான் எடுத்துக்கொண்ட பழக்கங்கள் சில. யார் வீட்டுப் பழைய பெட்டிக்கும் இவை பொருந்தும். கடிதங்களைத் தேதிவாரியாகவோ பொருள்வாரியாகவோ அடுக்கும் முன், கிடைத்த வரிசையிலேயே ஒருமுறை படம் எடுத்துவிடுங்கள். எது எதோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது என்பதே ஒரு தகவல். தாளின் இரு பக்கமும் எடுங்கள், வெறுமையாகத் தெரிந்தாலும். ஓரக் குறிப்பு வேறு கையெழுத்தில் இருந்தால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாத கடிதத்துக்கு அவசரப்பட்டு ஆண்டு போட வேண்டாம். யார் இறந்த செய்தி, எந்தக் கப்பல், எந்தப் பாக்கி என்று பிற கடிதங்களோடு ஒட்டிப் பார்த்தால் காலம் தானாகப் பிடிபடும், கெனிசாக் கடிதங்கள் பலவற்றுக்கும் அப்படித்தான் பிடிபட்டது. வணக்க வரிகளை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள், எந்த ஆண்டில் யார் பெயர் நுழைகிறது, யார் பெயர் நிற்கிறது என்று. ரசீதுகளையும் சாமான் பட்டியல்களையும் குப்பை என்று பிரித்து வைப்பதுதான் பெரும்பாலானோர் முதலில் செய்வது. அவற்றைக் கடைசியாகக்கூடக் கழிக்க வேண்டாம்.